48 பங்குகளும் ஒரு பழைய பவர் டில்லரும்



இறந்தவர் விட்டுச் செல்லும் பொருள்களில் வீடும் நிலமும் நகையும் உடனே கணக்குக்கு வந்துவிடுகின்றன. பழைய தையல் இயந்திரம், மிதிவண்டி, கிணற்று மோட்டார், கொட்டகையில் கிடக்கும் இரும்புச் சாமான் முதலியவை எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அருகில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அல்லது அவை இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆனால் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸா, வாரிசுரிமையைப் பேசத் தொடங்கும் இடத்திலேயே, விட்டுச் செல்லப்பட்டது சொற்பமாக இருந்தாலும் மிகுதியாக இருந்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு என்று விதிக்கிறது. அங்கே சொற்பமும் குறிப்பிடப்பட்டிருப்பதன் கனத்தை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய டீசல் பவர் டில்லர்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர்ப் பகுதியில் என் அத்தா சிறிதளவு நிலமும் ஒரு தென்னந்தோப்பும் வைத்திருந்தார்கள். வாழ்ந்தது நகரத்தில், முல்லா வீதிக்கு அருகில். பெரிய டிராக்டர் புக முடியாத சிறு வயல்களிலும், தென்னைகளுக்கு இடையிலும், காய்கறிப் பாத்திகளிலும் நம் பகுதியில் உழவு செய்வது பவர் டில்லர்தான். இரண்டு சக்கரம், முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் மண்ணைக் கிளறும் சுழற்கத்திகள், பிடித்துக்கொண்டு நடக்க இரு நீண்ட கைப்பிடிகள். ஜப்பானியச் சிறு விவசாயிக்காக வடிவமைக்கப்பட்ட இவ்வண்டி, 1967இல் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனத்தாலும், 1973இல் குபோட்டாவின் கூட்டுறவோடு கேரளத்தின் அத்தாணியில் தொடங்கப்பட்ட காம்கோ என்னும் அரசு நிறுவனத்தாலும் தென்னிந்திய வயல்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. எங்கள் அத்தாவினுடையதும் இவ்வினத்தைச் சேர்ந்த 12 குதிரைத்திறன் வண்டி. அவர்கள் நோயுற்ற பிறகு ஆறு ஆண்டுகள் அது கொட்டகையில் அசையாமல் நின்றது.

அத்தா மறைந்த பின் பாகப்பிரிவினை செய்தோம். வாரிசுகள் ஐவர்: அம்மா, நான், தம்பி, அக்கா, தங்கை. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். பின்னம் வராமல் கணக்கிட வேண்டுமானால் சொத்தை 48 பங்குகளாக்க வேண்டும். அம்மாவுக்கு 6, மகன்கள் இருவருக்கும் தலைக்கு 14, மகள்கள் இருவருக்கும் தலைக்கு 7.

நிலமும் வீடும் இவ்வாறே பிரிந்தன. டில்லருக்கு இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு 30 ரூபாய் வீதம், 400 கிலோவுக்கு 12,000 ரூபாய் சொன்னார். ஒரு பங்குக்கு 250 ரூபாய். அக்காவுக்கும் தங்கைக்கும் தலைக்கு 1,750 ரூபாய் வரும். "இதற்குப் போய்க் கணக்கா? நானா எடுத்துக்கட்டும்" என்றார் தம்பி. அப்போது காரைக்காலிலிருந்து வந்திருந்த தங்கை கேட்டாள்: "ஓட வச்சா என்ன விலை போகும் நானா?"

அவள் கேட்டது பேராசையினால் அன்று. ஓடாத வண்டிக்கு ஒரு விலை, ஓடும் வண்டிக்கு வேறொரு விலை. அதைப் பழுதுபார்க்க எண்ணியிருக்கும் நானே இரும்பு விலையைக் கொடுத்துச் சகோதரிகளின் பங்கை வாங்கிக்கொண்டால், சட்டப்படி அது விற்பனைதான். ஆயினும் எனக்குத் தெரிந்த விலை அவர்களுக்குத் தெரியாமல் நடக்கும் விற்பனை மனத்தை நெருடும். எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அனைவரின் சம்மதத்தோடு பொதுச் சொத்தாகவே வைத்துப் பழுதுபார்க்கலாம், செலவை எழுதி வைத்து விற்ற பணத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், எஞ்சியதை அதே 48 பங்குகளாகப் பிரிக்கலாம் என்று அவர் வழி சொன்னார். என் உடலுழைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது அத்தாவுக்காக.

டில்லர் 'குட்டியானை' வண்டியில் ஏறி நகரத்துக்கு வந்து, வீட்டின் பின்கட்டில் இறங்கியது. வழிகாட்ட ஒரு முதிய மெக்கானிக் கிடைத்தார். 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலையின் பட்டறையில் தொழில் கற்றவர் அவர். வந்ததும் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாய், பெயிண்ட் கடைசியிலதான். அதுவரைக்கும் அழகைப் பத்திப் பேசாதீங்க" என்றார். அதுவே எங்கள் வேலையின் விதியாயிற்று.

எஞ்சின் சுற்றவில்லை. கைப்பிடி போட்டுச் சுழற்றினால் ஒரு விரற்கடை கூட நகரவில்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. நெடுநாள் நிற்கும் எஞ்சினில் ஏதேனும் ஒரு வால்வு திறந்த நிலையில் இருந்துவிட்டால், புகைக்குழாய் வழியே ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரிலோ அது உப்புக் காற்று. இத்தகைய எஞ்சினைச் சம்மட்டியால் அடித்தோ நீண்ட குழாயை மாட்டி நெம்பியோ சுற்ற முயல்வோர் பலர். அப்போது கனெக்டிங் ராடு வளையும். இல்லையேல் பிஸ்டன் உடையும். நாங்கள் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள்கள் ஊறவிட்டோம். ஒவ்வொரு நாளும் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஃப்ளைவீலை இரு கைகளாலும் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பேன். பத்தாம் நாள் அது ஒரு நூலளவு நகர்ந்தது. பொறுமை என்னும் ஸப்ரைப் பற்றிப் பல பயான்கள் கேட்டிருக்கிறேன். அந்த நூலளவு நகர்வும் எனக்கு ஒரு பயான்.

ஹெட்டைக் கழற்றியபோது, பிஸ்டன் நின்ற இடத்தில் லைனரைச் சுற்றி ஒரு துரு வளையம் தெரிந்தது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டியது. லைனர், பிஸ்டன், ரிங்குகள் மூன்றும் புதிதாக வேண்டும் என்பது உறுதியாயிற்று. உதிரிப்பாகங்களில் சிலவற்றை விழுப்புரத்திலும் சிலவற்றைக் கடலூரிலும் தேடிப் பிடித்தோம். காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பழைய ஃபீலர் கேஜும் சில ஸ்பேனர்களும் கிடைத்தன. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையின் ஒரு லேத் பட்டறையில் கிராங்க் ஷாஃப்ட்டை அளந்து பார்த்துச் சீராக்கினார்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அந்த நொடியில் இன்ஜெக்டர் டீசலைப் புகைபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் இவ்வகை எஞ்சினை 1897இல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் விருப்பத்துக்கிணங்க ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலெண்ணெயில், அதாவது நம் பகுதியில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் எண்ணெயில், ஓட்டப்பட்டதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மர்செய் நகருக்கு மல்லாட்டை கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இதுக்கு டீசலே போடுவோம் பாய்" என்றார்.

இப்படி அழுத்தத்தை நம்பி வாழும் எஞ்சினில் இடைவெளியே எல்லாம். ரிங்கின் முனைகளுக்கு இடையே எவ்வளவு, வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. மிகுந்தால் அழுத்தம் கசியும். குறைந்தால் சூட்டில் விரிந்து கடித்துக்கொள்ளும். ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு தாவூத் நபி (அலை) நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கித் தரப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவோடு கோக்குமாறு கட்டளையிடப்பட்டதையும் ஸபஃ என்னும் 34ஆம் அத்தியாயம் சொல்கிறது. ஒரு நபிக்கு வஹீயாக வந்த கட்டளைகளில் இரும்பு வேலையின் அளவும் இருந்தது என்பதை நாம் எவ்வளவு எளிதாகக் கடந்துவிடுகிறோம்! அவர்கள் தம் கையுழைப்பில் உண்டவர்கள் என்பதை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. நம் நாயகம் (ஸல்) அவர்களோ தம் காலணியைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பழுதுபார்ப்பது ஒரு சுன்னத்தான வாழ்க்கை முறையின் பகுதி. அதைத் தாழ்வாக எண்ண நமக்கு எந்த நியாயமும் இல்லை.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது கி.பி. 1206இல், தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ அவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். சக்கரத்தின் சுழற்சியைப் பிஸ்டனின் முன்பின் அசைவாக மாற்றி நீர் இறைக்கும் இரட்டைச் சிலிண்டர் பம்ப் ஒன்றை அவர் படத்தோடு விளக்கியிருக்கிறார். எங்கள் டில்லரில் பிஸ்டனின் அசைவு கிராங்க் வழியே சுழற்சியாகிறது. அவரது பம்பில் சுழற்சி அசைவாகிறது. நம் முன்னோரில் அறிஞர்கள் கிரீஸ் படிந்த கையோடும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கை என்றதும் ஒரு நடைமுறைச் செய்தி. பட்டறை வேலையில் இருப்போர் உளூவின்போது கவனிக்க வேண்டியது கிரீஸும் பெயிண்டும் தோலில் உண்டாக்கும் படலம். நீர் தோலைத் தொடாமல் தடுக்கும் படலத்தை நீக்கியாக வேண்டும். நிறம் மட்டும் தங்கினால் குற்றமில்லை என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் விளக்கம். நான் மரத்தூளையும் சோப்புத் தூளையும் கலந்து வைத்திருந்தேன். அஸர் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே கைகழுவத் தொடங்கினால் ஜமாஅத் தவறாது. நகக்கண்களுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

எஞ்சின் ஆயிலை வடித்தபோது அது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம் இது. லைனரின் ரப்பர் வளையங்கள் கெட்டுக் கசிந்திருக்கலாம். அல்லது சிலிண்டரைச் சுற்றிய நீர் உறையில் விரிசல் இருக்கலாம். மெக்கானிக் ஒரு பழைய சோதனையைச் செய்தார். வார்ப்பிரும்பைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டார். பிறகு உலரத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினார். சற்று நேரத்தில் வெண்பொடியின் மேல் நீளமாக ஓர் ஈரக்கோடு எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலில் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஏறத்தாழ நான்கு விரல் நீளம்.

வார்ப்பிரும்பை ஒட்டுவது எளிதன்று. ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே பக்கத்தில் மற்றொரு விரிசல் ஓடும். முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தினார்கள். பின்பு வார்ப்பை மெல்லச் சூடாக்கி, நிக்கல் ராடால் சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால் இலேசாகத் தட்டி, இறுதியில் உலர்ந்த மணலுக்குள் புதைத்து இரவெல்லாம் ஆறவிட்டார்கள். நீர் நிரப்பிச் சோதித்தபோது கசிவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஜெக்டரின் நாசிலை மாற்றிச் சோதனைக் கருவியில் பொருத்திப் பார்த்தோம். சொட்டாமல் பனிபோல் தூவியது. ஹெட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணைகளில் இறுக்கினோம். மூடிய பிறகு இவற்றை எவரும் பார்க்கப்போவதில்லை. ஒரு செயலைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்துள்ள நபிமொழி பைஹகீயில் இடம்பெற்றுள்ளது. செம்மைக்குச் சாட்சி எஞ்சினுக்குள்ளே இருக்கிறது, பெயிண்டில் இல்லை.

டீசல் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் எஞ்சின் பிடிக்காது. நட்டைத் தளர்த்திக் குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை ஏர் எடுத்தோம். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியைச் சுழற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டேன். முதலில் வெண்புகை. ஏழாம் முறை 'டப் டப்' என்று பிடித்தது. கவர்னரில் கோளாறு இருந்து எஞ்சின் கட்டுமீறி ஓடினால் காற்றுவழியை அடைத்து நிறுத்துவதற்காக, ஒரு கட்டைப் பலகையோடு மெக்கானிக் அருகில் நின்றார். பழைய டீசல் எஞ்சினை முதன்முறை ஓட்டுவோர் இந்த ஏற்பாடின்றி ஓட்டவே கூடாது. பலகைக்கு வேலை வரவில்லை. புகை வெளுத்து, மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மாடியில் நின்ற அம்மா எதுவும் பேசவில்லை. அந்த ஓசையை ஆறு ஆண்டுகளுக்குப் பின் கேட்கிறார்கள்.

கியர்பாக்ஸ் ஆயில், பெல்ட்டுகள், சுழற்கத்திகள் எல்லாம் மாற்றிய பிறகே பெயிண்ட். குறிப்பேட்டின்படி செலவு: லைனர், பிஸ்டன், ரிங் 5,000, இன்ஜெக்டரும் பம்பும் 2,400, வெல்டிங் 1,800, லேத் வேலை 2,000, பெல்ட், ஆயில், பெயிண்ட் முதலியன 2,500, வண்டி வாடகை 1,500, மெக்கானிக் கூலி 4,000. ஆக 19,200 ரூபாய். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை மனத்தில் கொண்டு, அவர் கூலியை வந்த நாள்களிலேயே கொடுத்துவிட்டோம்.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து ஓட்டிப் பார்த்து 55,000 ரூபாய் என்றார். வெல்டிங் வைத்த இடம் பெயிண்டுக்குக் கீழே இருந்தது. அவர் கேட்கவில்லை. தம்பி என்னைத் தனியே அழைத்து, "கசியல, நல்லா ஓடுது, சொல்லணுமா?" என்றார். இது என் பொருள் மட்டுமாக இருந்தால் முடிவு எளிது. நான் சொல்லிவிட்டால் குறையப்போவது அம்மாவின் பங்கும் சகோதரிகளின் பங்குமாயிற்றே! வாரிசுகளின் அமானிதம் ஒருபுறம். வாங்குபவரின் உரிமை மறுபுறம்.

ஆனால் இரண்டும் உண்மையில் எதிரெதிரானவை அல்ல. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தை உணர்ந்து, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிமில் இருக்கிறது. குறையை மறைத்து வரும் பணம் வாரிசுகளின் உரிமையே அன்று. அது வாங்குபவருடைய பணம். அதை அம்மாவுக்குப் பங்காகக் கொடுப்பது அமானிதத்தைக் காப்பதாகாது. இருப்பினும் நால்வருக்கும் தெரிய வேண்டுமே என்று சகோதரிகளைக் கைபேசியில் அழைத்தேன். அக்கா, "சொல்லிடு. ஹலாலா வர்றது வரட்டும்" என்றாள். தங்கைக்கும் தம்பிக்கும் அதுவே சம்மதமாயிற்று. அம்மா மட்டும், "உங்க அத்தா இருந்தா அந்த இடத்துல பெயிண்டே அடிச்சிருக்க மாட்டாங்க" என்றார்கள்.

விவசாயியிடம் விரிசலின் நீளத்தையும், ஒட்டிய விதத்தையும், உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 48,000 என்றார். ஒப்புக்கொண்டோம். செலவு போக 28,800. ஒரு பங்குக்கு 600 ரூபாய். அம்மாவுக்கு 3,600, சகோதரிகளுக்குத் தலைக்கு 4,200, மகன்களுக்குத் தலைக்கு 8,400. மறைத்திருந்தால் சகோதரிகளுக்கு ஆயிரத்துச் சொச்சமும் அம்மாவுக்கு 875 ரூபாயும் கூடுதலாக வந்திருக்கும். அவர்கள் மூவரும் அறிந்தே விட்ட தொகை அது. விதைப்புக் காலத்தில் அந்த விவசாயி, தம் தோட்டத்தில் விளைந்த மல்லாட்டை ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து நிலக்காரருக்கும் ஒரு வண்டி வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

சகோதரர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ பரணிலோ மறைந்தவர் ஒருவரின் பொருள் கிடக்கலாம். இரும்புக் கடைக்குப் போகுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, அதைப் பட்டியலில் எழுதி, தொலைவில் இருக்கும் சகோதரிகளுக்கும் தெரிவியுங்கள். இரண்டாவது, பழுதுபார்த்தால் அது பெறும் மதிப்பை, தொடர்பில்லாத ஒருவரிடம் கேட்டறியுங்கள். மூன்றாவது, செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வையுங்கள். பழுதுபார்க்கத் தகுந்ததைப் பழுதுபார்ப்பது வீண்விரயத்திலிருந்து நம்மைக் காக்கும். எழுதி வைப்பது உறவைக் காக்கும்.

எங்கள் பெற்றோரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. அவர்கள் விட்டுச் சென்றவற்றில், அவை சொற்பமானாலும், நேர்மையோடு நடந்துகொள்ளும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.